ஏட்டின் அளவும் ஈயத்தின் அளவும்: சீகன்பால்கு வாழ்வில் தமிழ் அச்செழுத்து

ஆய்வுச் சுருக்கம்

தரங்கம்பாடியில் 1706 முதல் 1719 வரை வாழ்ந்த பார்த்தலோமேயு சீகன்பால்குவின் வரலாறு பெரும்பாலும் சமயப்பணி வரலாறாகவோ மொழிபெயர்ப்பு வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. அவர் வாழ்வின் இறுதி ஆறு ஆண்டுகளில் அச்செழுத்தின் வடிவமும் அளவும் எத்தகைய இடம் பெற்றிருந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹாலே நகரில் வார்க்கப்பட்ட பெரிய எழுத்துகளுக்கும் பொறையாற்றில் வார்க்கப்பட்ட சிறிய எழுத்துகளுக்கும் இடையிலான வேறுபாடு, கையெழுத்து மரபிலிருந்து பிறந்த ஐரோப்பிய உரோமன் அச்செழுத்தோடு ஒப்பிட்டு நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, பொறையாறு, ஏட்டெழுத்து, அச்செழுத்து, உரோமன் எழுத்துரு

முன்னுரை

ஒரு மொழியின் அச்செழுத்து வெறுங்கருவி என்னும் கருத்து தமிழ் அச்சு வரலாற்று நூல்களில் ஊன்றி நிற்கிறது. முதல் நூல் எது, எவ்வாண்டு வெளிவந்தது, எவர் அச்சிட்டார் என்னும் வினாக்களுக்குக் கிடைத்த இடம், அந்நூலின் எழுத்து எவ்வளவு பெரியது, எக்கையெழுத்தைப் பார்த்து வெட்டப்பட்டது, ஒரு பக்கத்தில் எத்தனை சொற்களைத் தாங்கியது என்னும் வினாக்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயின் 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவருமா வராதா என்பதைத் தீர்மானித்தது எழுத்தின் அளவுதான். மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது, அச்சுப்பொறி வந்திருந்தது, தமிழ் எழுத்துகளும் வந்திருந்தன. எனினும் அவ்வெழுத்துகளைக் கொண்டு நூல் முழுவதையும் அச்சிட இயலவில்லை.

மணலில் தொடங்கிய எழுத்துப் பயிற்சி

சீகன்பால்கு செருமனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். உடல்நலம் குன்றியவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரின் செல்வாக்கில் சிறிதுகாலம் பயின்றதும் நோயால் இடைமுறிந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் ஹென்ரிக் புளூட்சோவுடன் கப்பலேறி, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனியர் பெற்ற அத்துறைமுகத்தில் அன்று வாணிகத்துக்கு வழங்கிய ஐரோப்பிய மொழி போர்த்துக்கீசியம். தமிழைக் கற்பிக்க அச்சிட்ட இலக்கணம் எதுவும் அவர் கையில் இல்லை.

ஆகவே அவர் தமிழ்ச் சிறுவர் கற்ற வழியிலேயே கற்றார். முதிய ஆசிரியர் ஒருவரின் திண்ணைப்பள்ளியைத் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு அமர்ந்து விரலால் மணலில் எழுத்தெழுதினார். இச்செய்தி அவரது எளிமைக்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. எழுத்தியல் நோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. தமிழ் எழுத்தை அவர் முதலில் அறிந்தது கண்ணால் அன்று, விரலின் ஓட்டத்தால். எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் சுழித்து எங்கே முடிப்பது என்பதை அறிந்த பின்னரே ஏட்டுக்குச் சென்றார். ஐரோப்பாவில் இருந்துகொண்டே தமிழ் எழுத்தை வெட்ட முனைந்த கைவினைஞருக்கு வாய்க்காத அறிவு இது.

அழகப்பன் என்னும் பன்மொழி வல்ல துணைவரின் உதவியால் பேச்சுத் தமிழும், எழுத்தர் சிலரை அமர்த்தி ஏடுகளைப் படியெடுத்ததால் நூற்றமிழும் அவருக்கு வசமாயின. தாம் திரட்டிய ஏட்டுச்சுவடிகளை 1708இல் பட்டியலிட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தொல்காப்பியம், திருக்குறள் உள்ளிட்ட 119 தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்ததும் அவ்வாண்டிலேயே. வந்து இரண்டாண்டு நிறைந்த ஒருவர் இத்தனை ஏடுகளைப் படித்தார் என்பதன் பொருள், புள்ளி இடாத, சொல்லிடைவெளி விடாத, நெருங்கிய சிற்றெழுத்து வரிகளைத் தடையின்றிப் படிக்கும் பழக்கம் அவருக்குக் கைவந்திருந்தது என்பதாகும்.

எழுத்தாணியும் இறகும்

பனையோலையில் எழுதுவோர் ஓலையை இடக்கையில் பிடித்து, இடக்கைப் பெருவிரலின் தாங்கலில் எழுத்தாணியை நிறுத்தி, ஓலையை நகர்த்தி எழுதுவர். எழுத்தாணியின் முனை கூரியது. அது மையைப் பரப்புவதில்லை, ஓலையின் மேற்பரப்பைக் கீறுகிறது. எத்திசையில் ஓடினாலும் கீறலின் அகலம் ஏறத்தாழ ஒன்றே. எனவே ஏட்டெழுத்தில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வருவதில்லை. ஓலை நரம்பின் போக்கில் நீண்ட நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியக்கூடும் என்பதால் வட்டமும் சுழியும் மிகுந்தன என்பர். புள்ளியும் அதே காரணத்தால் விடுபட்டது என்பது மரபாகக் கூறப்படும் விளக்கம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே குறியால் எழுதப்பட்டன. ரகரமும் ஆகாரக் காலும் வடிவில் வேறுபடவில்லை. கூரிய முனை இடத்தைச் சிக்கனப்படுத்தியது; இரண்டு விரல் அகல ஓலையில் பல வரிகள் அடங்கின. சிறுமை ஏட்டெழுத்தின் இயல்பு.

ஐரோப்பிய உரோமன் அச்செழுத்தின் பிறப்பு வேறு கருவியைச் சார்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் பழைய இலத்தீன் நூல்களைத் தேடித் தொகுத்த மனிதநேயப் புலவர்கள், தாம் கண்ட படிகளின் தெளிவான சிற்றெழுத்தைப் பண்டைய உரோமரின் கையெழுத்து எனக் கருதிப் பின்பற்றினர். உண்மையில் அது உரோமருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட, பேரரசன் சார்லமேனின் காலத்தை ஒட்டிய எழுத்து. பிழையான ஓர் ஊகத்தின் மேல் இத்தனை செம்மையான வடிவம் எழுந்தது அச்சு வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அக்கையெழுத்தைச் சிற்றெழுத்துக்கும், கல்வெட்டு எழுத்தைப் பேரெழுத்துக்கும் மூலமாகக் கொண்டு, 1470இல் வெனிசு நகரில் நிக்கோலா ஜென்சன் என்னும் பிரெஞ்சுக்காரர் வெட்டிய எழுத்து இவ்வகைக்கு அளவுகோலாயிற்று. பட்டை முனை கொண்ட இறகைச் சாய்த்துப் பிடித்து எழுதுவதால் வரும் தடிப்பும் மெலிவும், வட்டங்களின் சாய்ந்த அச்சும், கோடு முடியுமிடத்தில் அமையும் செரிஃப் எனப்படும் சிறு நீட்டமும் அதன் அடையாளங்கள். தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையே வேறுபாடு மிகாமையால் நீண்ட உரைநடை நூலுக்கும் சிறிய அளவுக்கும் அது ஏற்றதாயிற்று. கண்ணை இழுக்காமல் பொருளுக்கு வழிவிடும் எழுத்து என்று அதன் இயல்பைச் சுருங்கக் கூறலாம்.

சீகன்பால்குவின் தாய்நாட்டில் செருமன் மொழி நூல்களை முறிந்த கோடுகளுடைய கருப்பெழுத்திலும், இலத்தீன் நூல்களை உரோமன் எழுத்திலும் அச்சிடுவது வழக்கம். எழுத்தின் உருவமே மொழியையும் படிப்போரையும் பிரித்துக் காட்டும் சூழலில் வளர்ந்தவர் அவர். தமிழுக்கு எவ்வுருவம் என்னும் வினா அவருக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது.

முடிந்த மொழிபெயர்ப்பும் இல்லாத அச்சகமும்

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியத் தளபதி ஹாசியுஸின் ஆணையால் சிறைப்பட்டு நான்கு மாதம் கோட்டைக்குள் அடைபட்டார். விடுதலைக்குப்பின் தொடர்ந்து 1711 மார்ச்சில் பணியை முடித்தார். திருநின்றவூர்ப் பூசலார் மனத்துள் கோயிலை எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த நிலையை ஒத்தது அது. நூல் நிறைவுற்றிருந்தது, அதற்கு உரிய புறவடிவம் எங்கும் இல்லை. ஏட்டில் படியெடுத்துப் பரப்பலாம்; ஆயின் எழுத்தர் கூலியும் காலமும் மிகுதி. தமிழில் அச்சு மரபு முன்னர் இல்லாமலில்லை. ஹென்றிக்கே அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், புரோயன்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அம்பலக்காட்டிலும் அச்சாயின. அதன்பின் அம்மரபு அறுந்திருந்தது. சீகன்பால்கு பயன்படுத்தத்தக்க எழுத்தோ வார்ப்போ எஞ்சவில்லை.

இலண்டனில் இயங்கிய கிறித்தவ அறிவு பரப்பும் கழகம் 1711இல் அச்சுப்பொறி ஒன்றையும் உரோமன் எழுத்துகளையும் காகிதத்தையும் யோனாஸ் ஃபிங்க் என்னும் அச்சாளருடன் அனுப்பியது. கப்பல் இரியோ டி செனீரோ அருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீண்டது. ஃபிங்க் வழியிலேயே காய்ச்சலால் இறந்தார். 1712இல் பொறி மட்டும் கரைசேர்ந்தது. அச்சுத்தொழில் அறிந்த படைவீரர் ஒருவர் தரங்கம்பாடிக் கோட்டையிலேயே இருந்தமையால் போர்த்துக்கீசிய நூல்களை அச்சிடும் பணி தொடங்கிற்று. தமிழ் மக்களிடையே நிறுவப்பட்ட அச்சகம் உரோமன் எழுத்தில்தான் கண்விழித்தது.

ஹாலேயின் எழுத்து

தமிழ் எழுத்துகளின் உருவங்களைச் சீகன்பால்கு ஹாலேவுக்கு எழுதி அனுப்பியிருந்தார். அவற்றைப் பார்த்து அங்குள்ள கைவினைஞர் எழுத்துகளை உருவாக்கினர். தமிழ் படிக்க அறியாதோர் செய்த பணி என்பதை மனத்திற்கொண்டால் அவர்தம் முயற்சியை இகழ இயலாது. எஃகுக் கோலின் முனையில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்து குழியாக்கி, அக்குழியில் ஈயக்கலவையை ஊற்றி எடுப்பது வார்ப்பு முறை. இலத்தீனுக்குப் பேரெழுத்தும் சிற்றெழுத்துமாக ஐம்பது அளவிலான உருவங்கள் போதும். தமிழுக்கோ உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, இகர ஈகார வரிசைகளில் 36, உகர ஊகார வரிசைகளில் 36 என, புள்ளியெழுத்துகளை விட்டாலும் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் வேண்டும். கொம்பும் காலும் கூட்டெழுத்துகளும் இவற்றின் மேல் வருவன.

சுழி மிகுந்த எழுத்தைச் சிறிதாகச் செதுக்கினால் உள்வெளி அடைபட்டு மை தேங்கும். ணகரத்தின் அடுத்தடுத்த சுழிகளோ ஐகாரத்தின் வளைவுகளோ சற்றே பிசகினாலும் எழுத்து கறையாகிவிடும். எழுத்தின் எந்தப் பகுதி இன்றியமையாதது, எது கைப்போக்கு என்பதை அறியாத செதுக்குநர் எல்லாவற்றையும் காக்க முயல்வார். காக்கும் வழி பெரிதாக வெட்டுவதே. ஹாலே எழுத்து பெரிதாக அமைந்தமைக்கு இது முதன்மைக் காரணமாகலாம். ஏட்டில் சிறுத்து நெருங்கியிருந்த எழுத்து, ஈயத்தில் பருத்து விலகிற்று.

இவ்வெழுத்துகள் 1713இல் அட்லர் என்னும் செருமானிய அச்சாளருடன் தரங்கம்பாடி வந்தன. அவ்வாண்டே அக்கியானத்தைக் கண்டிக்கும் சிறுநூல் ஒன்று அவற்றால் அச்சாயிற்று. சிறுநூலுக்குப் பெரிய எழுத்து தடையாகவில்லை. புதிய ஏற்பாட்டைக் கணக்கிட்டபோதுதான் இடர் வெளிப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த காகிதம் அளவுக்குட்பட்டது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதற்கு உறுதியில்லை. ஹாலே எழுத்தில் நூலை முழுமையாக அச்சிட்டால் காகிதம் நடுவிலேயே தீர்ந்துவிடும். நூலும் தூக்கற்கரிய பருமன் பெறும்.

பொறையாற்று வார்ப்பு

தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் வார்ப்புக்கூடம் அமைந்தது. அங்கே அட்லர் சிறிய தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்தார். ஈயத்துக்கும் தட்டுப்பாடு, இலண்டன் கழகத்தார் அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத்தகடுகளையே உருக்கி எழுத்து வார்த்தனர் என்றொரு செய்தி வழங்கி வருகிறது. அதன் உண்மை எவ்வாறாயினும், சிறிய எழுத்து ஈயத்தையும் காகிதத்தையும் ஒருங்கே மிச்சப்படுத்தியது என்பதில் ஐயமில்லை.

பொறையாற்று எழுத்தின் சிறப்பைச் சிக்கனத்தோடு நிறுத்திவிடுவது பொருந்தாது. ஹாலே எழுத்து வரைபடத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. பொறையாற்று எழுத்து ஏடு படிப்போரின் நடுவே செய்யப்பட்டது. ஒரு சுழி மிகை, ஒரு வளைவு குறை என்று சுட்டிக்காட்டத் தமிழ் எழுத்தரும் உபதேசியாரும் பள்ளிப்பிள்ளைகளும் அருகிலிருந்தனர். சீகன்பால்குவின் விரலும் அவ்வெழுத்தை அறிந்திருந்தது. எழுத்தைச் சிறிதாக்கும்போது எதை விடலாம் என்னும் தீர்ப்பு படிப்பவனால்தான் தரமுடியும். ஜென்சனின் எழுத்து நூல் படிப்போரின் கையெழுத்திலிருந்து பிறந்தமையால் நூலுக்குப் பொருந்தியது போல, பொறையாற்று எழுத்தும் ஏடு படிப்போரின் கண்ணளவுக்கு மீண்டமையால் நூலுக்குப் பொருந்தியது. ஒப்புமை இங்கே முடிகிறது. இறகின் தடிப்பு மெலிவுகள் உரோமன் எழுத்துக்குப் பிறவிக்குணம். தமிழ் எழுத்தாணிக்கு அவை இல்லை. பிற்காலத் தமிழ் அச்செழுத்துகளில் காணப்படும் தடிப்பு மெலிவுகளுக்கு மூலத்தை ஏட்டில் தேடுவதினும் மேலைச் செதுக்கு மரபிலும் மைப்பேனா எழுத்திலும் தேடுவதே முறை.

1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் எஞ்சிய பகுதிகளும் அச்சாகிப் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றிலேயே காகித ஆலை ஒன்றும் தொடங்கப்பட்டது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. அச்சான நூலின் முதற்பயனாளர் புலவர்கள் அல்லர். 1707 முதல் சிறுவர் சிறுமியர்க்கென அவர் நடத்திய பள்ளிகளில் பயின்றோரே அதனை முதலில் கையாண்டோர். ஏட்டின் நெருக்கத்தைப் படித்துப் பழகாத கண்களுக்கு அவ்வெழுத்து எவ்வளவு சிறிதாகலாம் என்பதற்கும் ஒரு கீழெல்லை இருந்தது. பெருமைக்குக் காகிதமும் சிறுமைக்குப் பிள்ளைகளின் கண்ணும் வரம்பிட்டன.

இலக்கண நூலில் இரு எழுத்துகள்

நூல் முழுமையாக அச்சேறும் முன்னரே, 1714 அக்டோபரில் சீகன்பால்கு மலையப்பன் என்னும் தமிழ் இளைஞருடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பயணத்தில் அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் 128 பக்கங்களில் வெளிவந்தது. பொறையாற்று எழுத்து கடலுக்கப்பால் இருந்தமையால், ஹாலேயின் பெரிய தமிழ் எழுத்தே இந்நூலுக்குப் பயன்பட்டது. புதிய ஏற்பாட்டுக்குப் பொருந்தாத எழுத்து இங்கே குறையாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இலத்தீன் விளக்கத்தின் நடுவே ஒரு வேற்றுமை உருபோ வினைமுற்றோ தனித்து நிற்கும்போது, தமிழறியாத மாணவன் அதன் ஒவ்வொரு வளைவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தொடர்ந்து படிப்பதற்கு ஓர் எழுத்து, உற்றுப் பார்ப்பதற்கு ஓர் எழுத்து என்னும் பகுப்பு தமிழ் அச்சில் இவ்வாறு தற்செயலாக நேர்ந்தது. அருகில் நின்ற உரோமன் எழுத்தோ இரண்டு பணிகளையும் ஒரே உருவில் செய்தது. இருநூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் அதற்குப் பின்னால் இருந்தது.

மரியா டொரதேயாவை மணந்து, இலண்டனில் அரசர் முதலாம் ஜார்ஜைக் கண்டு, 1716 ஆகஸ்டில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கித் தரங்கம்பாடி மீண்டார்.

இறுதி ஆண்டுகள்

எஞ்சிய மூன்றாண்டுகள் இனியவையாக அமையவில்லை. கோபன்கேகனில் மிஷன் நிர்வாகத்தின் செயலராகிய வெண்ட், பணியாளர்கள் அப்போஸ்தலரைப் போல் எளிமையாக நடந்து போதிக்க வேண்டுமேயன்றிக் கட்டடங்களிலும் நிறுவனங்களிலும் பொருளைச் செலவிடலாகாது என்னும் கொள்கையுடையவர். பள்ளி, அச்சகம், வார்ப்புக்கூடம், காகித ஆலை ஆகியவற்றைத் தம் பணியின் உடலாகக் கருதிய சீகன்பால்குவுக்கு அக்கொள்கையும் அதனை ஏந்திவந்த கண்டனக் கடிதங்களும் பேரிடியாயின. அவற்றின் வேகத்தை நோயுற்ற உடல் தாங்கவில்லை. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தேழாம் வயது நடக்கையில் அவர் மறைந்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். உடன்பணியாளர் கிரண்ட்லர் அடுத்த ஆண்டே இறந்தார்.

அவர் எழுதியவற்றுள் அச்சுக்கு வராதனவும் உண்டு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய நூலை வெளியிட ஹாலேயில் இசைவு கிடைக்கவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனைப் பரப்புவதா என்பது அங்கு எழுந்த தடை. அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுத்துக்குப் பஞ்சம் தீர்ந்த பிறகும் இசைவுக்குப் பஞ்சம் இருந்தது.

அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து பழைய ஏற்பாடும், அதன்பின் பல சிறுநூல்களும் வெளிவந்தன. தரங்கம்பாடியாரின் தமிழ்நடையை லுத்தேரினத்தியல்பில் கடுமையாகச் சாடியவர் வீரமாமுனிவர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி எழுதும் முறையை வகுத்தவரும் அவரே. ஏட்டின் வழி வந்த மயக்கத்தைத் தீர்க்கும் அத்திருத்தம், வார்ப்போருக்குப் புதிய உருவங்களை வேண்டுவது. அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், உரோமன் எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே பக்கத்தில் அமைய, 1738இல் அச்சாயிற்று. அதனை அச்சிட்டது சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகம்.